எடெஸ்ஸா எழுப்பும் கேள்வி

பிரேசிலின் சோயா வயல்களில் காய் முற்றும் பருவத்தில் பழுப்பு நிற நாற்ற நாவாய்ப்பூச்சி ஒன்று வந்து இறங்கி, காய்க்குள் இருக்கும் பச்சை விதையின் சாற்றை உறிஞ்சுகிறது. தோளின் இரு பக்கமும் கூரிய முள், முதுகின் முக்கோணத் தகட்டு நுனியில் வெண்மையான பிறைக் குறி. அந்தப் பிறையைப் பார்த்துத்தான் அங்குள்ள உழவர்கள் அதை இனங்காண்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் டென்மார்க்கின் பூச்சியியலர் ஃபாப்ரீசியஸ் விவரித்த யூஸ்கிஸ்டஸ் ஹீரோஸ் அது. ஒரு பூச்சியைக் கையில் எடுத்து ‘இது ஹீரோஸ்’ என்று சொல்லும்போது, உலகில் முன்பே இருக்கும் ஒரு பிரிவைக் கண்டுகொள்கிறோமா, தனித்தனி உடல்களை நம் வசதிக்காக ஒரு பெயரில் கட்டிவைக்கிறோமா? இந்தக் கேள்வி பூச்சியியலைவிடப் பழையது. எல்லாப் பசுக்களிலும் பசுத்தன்மை என்னும் ஒரே பொது உறைகிறது, அது நித்தியமானது, பசுக்கள் பிறந்து மடிந்தாலும் அது மடியாது என்றார்கள் நியாய வைசேடிகர்கள். பௌத்தரான திக்நாகர் அதை மறுத்தார். ‘பசு’ என்ற சொல் பசு அல்லாதவற்றை விலக்குகிறது. அதற்கு மேல் பொதுவாக ஒன்றும் உலகில் இல்லை. அபோகம் எனப்படும் இந்தக் கொள்கைக்கும் நியாய வைசேடிகர்களின் சாமானியக் கொள்கைக்கும் இடையே பல நூற்றாண்டுகள் வாதம் நடந்தது. இரு தரப்பும் உண்மையின் ஒவ்வொரு பகுதியைப் பிடித்திருந்தன என்பது என் முடிவு. எந்தத் தரப்பிடம் எந்தப் பகுதி இருந்தது என்று பிரித்துக் காட்ட, அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டல நாவாய்ப்பூச்சிகளைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

முதலில் சாமானியத் தரப்பைச் சோதிக்கலாம். ஓர் இனத்தின் எல்லா உறுப்பினரிடமும் மாறாத பொதுத்தன்மை ஒன்று இருக்கிறதென்றால், அது ஏதோ ஓர் அடையாளத்தில் வெளிப்பட வேண்டும். ஹீரோஸின் தோள்முள்ளை எடுத்துக்கொள்வோம். பகல் நீண்டிருக்கும் கோடையில் வளரும் பூச்சிகளுக்கு முள் நீளமாகவும் கூராகவும் இருக்கிறது. அவை உண்கின்றன, இனப்பெருக்கம் செய்கின்றன. பகல் சுருங்கும் காலத்தில் இளமைப் பருவத்தைக் கடக்கும் பூச்சிகளுக்கு முள் குட்டையாகிறது; உதிர்ந்த இலைச் சருகின் அடியில் உண்ணாமல் ஒடுங்கிக் கிடந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் விளக்கொளியின் நேரத்தைக் கூட்டியும் குறைத்தும் வளர்த்து இதை உறுதி செய்திருக்கிறார்கள். ஒரே தாயின் முட்டைகளைப் பிரித்து வளர்த்தால், ஒளி நேரத்துக்கு ஏற்ப இரண்டு உருவங்களும் வரலாம். நிறமும் நம்பத்தக்கதல்ல. பச்சையாக வாழும் நாவாய்ப்பூச்சிகள் பல, ஊசியில் குத்தி அருங்காட்சியகப் பெட்டியில் வைத்தபின் மஞ்சளாகவும் பழுப்பாகவும் வெளுத்துப்போகின்றன. உயிரோடு பார்த்திராத ஒருவர் அந்த வெளுத்த நிறத்தையே இனத்தின் இலக்கணமாக எழுதிவிடக்கூடும். ஆக, கண்ணுக்குத் தெரியும் பண்புகளில் நித்தியப் பொதுவைத் தேடுபவர் பருவத்தையும் பழமையையும்தான் கண்டடைவார்.

அப்படியானால் திக்நாகர் வென்றுவிட்டாரா? முதற்பார்வையில் அப்படித்தான் தோன்றும். வகைப்பாட்டாளர் கையில் இருக்கும் இனங்காண் திறவு, விலக்கலின் கருவிதான். தோளில் முள் உண்டா இல்லையா என்று கேட்கிறது. இல்லையென்றால் அடுத்த கேள்விக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு படியிலும் பாதி உலகம் கழிகிறது. இறுதியில் எஞ்சுவதற்குப் பெயர் கிடைக்கிறது. பூச்சியின் உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. அபோகக் கொள்கைக்கு இதைவிட நேரான செயல்விளக்கம் வேண்டியதில்லை என்று ஒரு பௌத்த தருக்கர் சொன்னால், அந்த அளவில் அவர் சொல்வது சரி.

ஆனால் விலக்கலை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கும் இதே குடும்பத்தில் ஒரு சாட்சி இருக்கிறது. எடெஸ்ஸா என்னும் பேரினத்தை 1803இல் ஃபாப்ரீசியஸ் நிறுவினார். அது சேரும் எடெஸ்ஸினே துணைக்குடும்பத்துக்குத் தெளிவான அடையாளம் உண்டு: மார்பின் அடியில் மேடாக எழுந்து முன்னோக்கி நீளும் ஒரு தகடு, பல இனங்களில் அது முன்புறம் கவையாகப் பிரிந்திருக்கும், பூச்சியின் உறிஞ்சுகுழலோ குட்டையானது. இந்தத் துணைக்குடும்பத்துக்குள் தனித்த உருவம் கொண்ட கூட்டங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றுக்குத் தனிப் பேரினப் பெயர்கள் கொடுத்தார்கள். பிரித்தெடுக்க எந்தச் சிறப்பும் இல்லாதவை எடெஸ்ஸாவிலேயே தங்கின. புதிதாகக் கிடைத்தவையும் வேறு எதிலும் பொருந்தாதபோது அங்கேயே போய்ச் சேர்ந்தன. இருநூறு ஆண்டுகளில் அது நாவாய்ப்பூச்சிக் குடும்பத்தின் மிகப்பெரிய பேரினமாயிற்று. ஏறத்தாழ 300 இனங்கள். ‘எடெஸ்ஸா என்றால் என்ன’ என்று கேட்டால், நேர்மையான விடை இப்படித்தான் இருக்கும்: இந்தத் துணைக்குடும்பத்தில் மற்ற பேரினங்கள் அல்லாதது. இது சுத்தமான அபோகம். விலக்கலால் மட்டும் பொருள் பெற்ற ஒரு பெயர், வேலை செய்தது. பெட்டிகளுக்கு ஒட்டுச்சீட்டு கிடைத்தது. ஆனால் பூச்சியியலர்கள் நிம்மதியடையவில்லை, அடைந்திருக்கவும் கூடாது. அந்தப் பெயருக்குள் இருந்த இரண்டு பூச்சிகளில் ஒன்றைப் பற்றி அறிந்ததை மற்றொன்றுக்குப் பொருத்த வழியில்லை. ஒன்றின் உணவுச் செடியோ முட்டையின் அமைப்போ மற்றொன்றைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பெயர் இருந்தும் அறிவு வளரவில்லை என்றால், அந்தப் பெயர் எதையோ தவறவிட்டிருக்கிறது.

தவறவிட்டது என்ன என்பதைப் பிரேசில் ஆய்வாளர்களின் வேலை காட்டுகிறது. போர்ட்டோ அலெக்ரேயில் ஜோசேலியா கிராசியாவும் அவர் மாணவர்களும், பெலேமில் ஜோசே அந்தோனியோ ஃபெர்னாண்டெஸின் குழுவும் எடெஸ்ஸாவைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் பார்த்துவருகிறார்கள். அவர்கள் இல்லாததைத் தேடவில்லை. ஆண் பூச்சியின் பின்முனைக் கிண்ணத்தையும் பெண்ணின் பின்முனைத் தகடுகளையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, வேறெங்கும் காணப்படாத ஒரு புது அமைப்பை எந்தெந்தப் பூச்சிகள் பகிர்ந்துகொள்கின்றன என்று தேடினார்கள். டெ கீர் 1773இல் விவரித்த எடெஸ்ஸா ருஃபோமார்ஜினாட்டா என்ற பெயருக்குள் அடங்கிவிட்டவை என்று கருதப்பட்ட இரண்டு பழைய பெயர்களை 2004இல் இப்படித்தான் மீட்டெடுத்தார்கள். ஒரே இனத்தின் வேறுபாடுகள் என்று தள்ளப்பட்டவை உண்மையில் தனி இனங்கள். அதே கூட்டத்தில் மேலும் பல புதிய இனங்கள் பின்னர் விவரிக்கப்பட்டன. முள் இல்லாமை, கோடு இல்லாமை போன்ற இன்மைகள் உறவைக் காட்டுவதில்லை. யாரிடம் வேண்டுமானாலும் எதுவும் இல்லாதிருக்கலாம். பகிர்ந்துகொள்ளப்பட்ட புதுமையோ ஒரு பொது முன்னோரிடமிருந்து வந்திருக்க வேண்டும். ஆகவே பேரினம் உண்மை. ஆனால் அதன் உண்மை ஒரு வம்சத்தின் உண்மை. நியாய மரபிலேயே இதற்கான கருவி இருந்தது. உதயணர் எல்லாப் பொதுச் சொல்லுக்கும் ஜாதி, அதாவது உண்மையான பொது, என்ற தகுதியைக் கொடுக்கவில்லை. மேலே சுமத்தப்பட்ட தன்மையை உபாதி என்று பிரித்தார். இரண்டு பொதுமைகள் ஒன்றையொன்று பாதி வெட்டிக்கொண்டால், அதாவது ஒன்று மற்றதற்குள் முழுதும் அடங்காமலும் முழுதும் விலகாமலும் இருந்தால், அது ஜாதியாகாது என்று விதித்தார். இன்றைய வம்ச மரங்களும் அந்த விதியைக் கடைப்பிடிக்கின்றன. ஒரு கிளை மற்றொன்றுக்குள் அடங்கும் அல்லது விலகும். பழைய எடெஸ்ஸா ஓர் உபாதி. உதயணரோடு நான் பிரியும் இடம் ஒன்றுதான்: உண்மையான பொது நித்தியமாக இருக்கத் தேவையில்லை. அதற்கு ஒரு தொடக்கம் உண்டு, முடிவும் உண்டு.

இதற்கு எதிராக எழும் முதல் ஆட்சேபம் வலுவானது. பெயர்கள் ஓயாமல் மாறுகின்றன. 2017இல் பிரேசில் ஆய்வாளர்கள் உருவமைப்பையும் மரபணுவையும் சேர்த்து அலசி, யூஸ்கிஸ்டஸ் என்ற பேரினமே ஒரே வம்சம் இல்லை என்று காட்டினார்கள். மக்காச்சோளப் பயிரைத் தாக்கும் மெலகாந்தஸ் நெடுங்காலம் டிகெலாப்ஸ் பேரினத்தில் இருந்தது. 2020இல் டைசெரியஸ் தனிப் பேரினமாக உயர்ந்தபோது அதன் பெயரும் மாறியது. நேற்றைய உண்மை இன்று பொய்யானால், இதெல்லாம் நிபுணர்களின் உடன்படிக்கைதானே? அப்படியில்லை. வெறும் உடன்படிக்கையாக இருந்தால் யாரும் அதை மாற்றப் பாடுபட மாட்டார்கள். மாற்றினாலும் காரணம் காட்ட வேண்டியதில்லை. இங்கே ஒவ்வொரு மாற்றமும் ‘முன்பு சொன்னது தவறு’ என்ற சான்றோடு வருகிறது. தவறாக முடியும் என்றால், தவறுவதற்கு ஓர் இலக்கு வெளியே இருக்கிறது. மாற்றத்தின் தொல்லை உழவருக்கும் அலுவலருக்கும் உண்மையானது, அதை நான் சிறிதாக்கவில்லை. ஆனால் அந்தத் தொல்லை, பெயர்கள் உலகுக்குக் கட்டுப்பட்டிருப்பதற்குக் கொடுக்கும் விலை.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் ஆழமானது, அதை நான் விரைவில் கடக்க விரும்பவில்லை. வம்சங்களின் எல்லைகளே கலங்கியிருக்கின்றனவே! 1914இல் காதரின் ஃபுட்டும் எல்லா சர்ச் ஸ்ட்ரோபெல்லும் வட அமெரிக்காவின் இரண்டு யூஸ்கிஸ்டஸ் இனங்களைக் கலந்து வளர்த்த சோதனையை வெளியிட்டார்கள். வேரியோலேரியஸ் இனத்தில் ஆணின் பின்முனையில் மட்டும் ஒரு கரும்புள்ளி உண்டு. செர்வஸ் இனத்து ஆணுக்கு அது இல்லை. இரண்டும் கூடிப் பிறந்தவை மலடாகவில்லை, அடுத்த தலைமுறையையும் பெற்றன. தன் உடலில் அந்தப் புள்ளியைக் காட்டாத வேரியோலேரியஸ் தாய், அதை மகனுக்குக் கடத்தினாள். இன்னும் நெருக்கமான சான்று 2018இல் வந்தது. பிரேசிலின் ஹீரோஸ் பூச்சிகளின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அதில் வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரண்டு வம்சங்கள் பல பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன், பிலியோசீன் காலத்திலேயே பிரிந்ததைக் கண்டார்கள். 1970கள் வரை அரிதாக இருந்த இந்தப் பூச்சி, சோயா பரப்பு பெருகப் பெருகத் தானும் பரவியது. அவ்வளவு காலம் விலகியிருந்த இரு வம்சங்களும் நாட்டின் நடுப்பகுதிச் சோயா நிலங்களில் மறுபடி சந்தித்துக் கலக்கின்றன. அப்படியானால் ஹீரோஸ் ஒன்றா இரண்டா? கூர்மையான விடை இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதிலிருந்து வம்சங்கள் கற்பனை என்ற முடிவு வராது. நித்திய ஜாதிகள் கலக்க முடியாது; மாறாத சாரம் இன்னொன்றோடு பாதியாகச் சேராது. பெயர்கள் வெறும் சொற்களாக இருந்தால் கலத்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை, கலப்பதற்கு இரண்டு இருக்க வேண்டுமே. காலத்தில் பிரிந்து காலத்தில் சேரும் வம்சங்கள் மட்டுமே கலக்க முடியும். எல்லை கலங்கியிருப்பது அவற்றின் இயல்புக்குப் பொருந்துகிறது. காவிரி கடலோடு கலக்கும் இடத்தில் எது ஆற்று நீர் என்று கோடு போட முடியாததால் காவிரி இல்லை என்றாகாது.

மூன்றாவதாக, இதெல்லாம் மனிதக் கண்ணின் வேலை, பூச்சிக்கு இனம் தெரியாது என்பார்கள். எனக்கு இது மூன்றிலும் பலவீனமாகப் படுகிறது. நாவாய்ப்பூச்சிகள் செடித்தண்டு வழியே அதிர்வுகளை அனுப்பித் துணையைத் தேடுகின்றன. இனத்துக்கு இனம் அந்த அதிர்வின் தாளம் வேறு. டெலினோமஸ் போடிசி என்னும் நுண்குளவி ஹீரோஸின் முட்டைக்குள் தன் முட்டையை இடுவதை விரும்புகிறது. டிரிஸ்ஸோல்கஸ் பசாலிஸ் என்னும் வேறு குளவி பச்சை நாவாய்ப்பூச்சியின் முட்டையை நாடுகிறது. உயிரியல் கட்டுப்பாட்டுக்காக இவற்றை வயலில் விடும்போது பூச்சியின் பெயரைத் தவறாகச் சொன்னால் குளவி நமக்காகத் தன் விருப்பத்தை மாற்றிக்கொள்ளாது. பின்வந்த பௌத்தரான தர்மகீர்த்தி, விலக்கலுக்கு அடித்தளமாக ஒவ்வொரு பொருளின் செயல்திறனைக் காட்டினார்: ஒரே பயனைத் தரும் தனிப்பொருள்களையே ஒரே சொல் பிரித்துக் காட்டுகிறது. இந்த இடத்தில் அவரும் நானும் மிக அருகில் நிற்கிறோம். ஒரே பயனை ஏன் இந்தத் தனிப்பொருள்கள் தருகின்றன என்று கேட்டால், வம்ச உறவைத்தான் விடையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைப் பௌத்தத்தின் காரண காரியத் தொடர்ச்சி மறுக்கவும் இல்லை.

இந்தப் பார்வைக்கு வகைப்பாட்டு விதிகளிலேயே ஒரு துணை உண்டு. விலங்கியல் பெயரிடலில் ஓர் இனப்பெயர் எந்த இலக்கணத்தோடும் கட்டப்படுவதில்லை. தோள்முள்ளோடோ பிறைக் குறியோடோ அதற்கு நிலையான ஒப்பந்தம் இல்லை. பெயர் ஒரு மூலமாதிரியோடு, ஒருகாலத்தில் உயிரோடிருந்த ஒரு தனிப்பூச்சியோடு கட்டப்படுகிறது. விவரிப்பு முழுதும் தவறாகிப்போனாலும் அந்தப் பூச்சி எந்த வம்சத்தைச் சேர்ந்ததோ அந்த வம்சத்துக்கே பெயர் போகும். வடக்கு வம்சமும் தெற்கு வம்சமும் தனித்தனி இனங்கள் என்று நாளை நிறுவப்பட்டால், ‘ஹீரோஸ்’ என்ற பெயர் எதற்கு என்பதை எந்த வம்சம் பெரிதாகப் பரவியிருக்கிறது என்பதோ, உழவர்கள் எதை அதிகம் கண்டிருக்கிறார்கள் என்பதோ முடிவு செய்யாது. அந்த மூலமாதிரி எந்தப் பக்கத்தது என்பதே முடிவு செய்யும். மற்ற வம்சத்துக்கு வேறு பெயர் தேட வேண்டியிருக்கும்.