எண்ணாமல் இழைக்கும் அநீதி

தீய எண்ணம் இல்லாதவனிடமிருந்து அநீதி பிறக்குமா? "நான் யாரையும் வெறுப்பவன் அல்லன், ஆகவே என் தீர்ப்பில் கோணல் இராது" என்று நம்மில் பலர் ஆறுதல் கொள்கிறோம். அந்த ஆறுதல் எத்துணை பலவீனமானது என்பதை அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது.

2012-ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதனை வெளியிட்டனர். ஆய்வுக்கூட மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை உயிரியல், வேதியியல், இயற்பியல் பேராசிரியர்கள் 127 பேரிடம் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். படிப்பு, மதிப்பெண், அனுபவம் யாவும் ஒன்றே. பெயர் மட்டும் வேறு. ஏறக்குறையப் பாதிப் பேருக்குச் சென்ற தாளில் ஜான் என்னும் ஆண் பெயர். மற்றவர்களுக்குச் சென்றதில் ஜெனிஃபர் என்னும் பெண் பெயர். ஜானே திறமை மிக்கவன் என்று முடிவாயிற்று. அவனுக்குச் சராசரியாக ஆண்டுக்கு 30,238 டாலர் ஊதியம் தரலாம் என்றனர். அவளுக்கோ 26,508 டாலர்தான்!

இன்னொரு வியப்பையும் கேளுங்கள். பெண் பேராசிரியர்களும் ஆண்களைப் போலவே தீர்ப்பளித்தார்கள். தம் இனத்தின் மீதே அவர்களுக்கு என்ன பகை? பகை ஏதும் இல்லை. விஞ்ஞானி என்றால் ஆண் என்று பழகிப்போன கண், அப்படியே பார்த்துவிட்டது.

அப்படியானால் அவர்கள் மீது குற்றம் உண்டா? ஃபிக்ஹு நூல்களை ஓதியோர் அறிந்த ஒரு சட்டம் இங்கே வழிகாட்டும். தவறுதலாகப் பிறர் பொருளைச் சேதப்படுத்தியவன் மீது பாவம் இல்லை. ஆனால் ஈடு கொடுக்கும் பொறுப்பு அவனை விட்டு நீங்காது. ஏனெனில் நிய்யத்து அவனுடையது. நஷ்டமோ மற்றவருடைய ஹக்கு. தராசு கோணல் என்று அறியாமல் நிறுத்த வியாபாரியையும் மன்னிக்கலாம். அறிந்த பிறகும் அதே தராசில் நிறுப்பவன் என்ன காரணம் சொல்வான்?

தராசைச் சரிசெய்ய வழியும் உண்டு. ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியைப் பயன்படுத்த நேரம் கேட்டு விஞ்ஞானிகள் விண்ணப்பிப்பார்கள். பல்லாண்டுகளாக ஆண்களின் விண்ணப்பங்களே கூடுதல் விகிதத்தில் தேர்வாகி வந்தன. 2018-இல் விண்ணப்பித்தோர் பெயரைத் தேர்வாளர்களுக்கு மறைத்தனர். அவ்வாண்டு பெண்களின் விகிதம் சற்றே மேலோங்கியது!

வேலைக்கு ஆள் எடுப்போரும், மாணவர்க்குப் பரிந்துரை எழுதும் ஆசிரியர்களும் சிந்திக்க வேண்டும். "என் மனம் தூய்மையானது" என்பது உண்மையாகவே இருக்கட்டும். அந்தத் தூய்மையால் ஜெனிஃபர் இழந்த ஊதியம் அவள் கைக்குத் திரும்பி வருமா?