அடங்காத குதிரை



வந்தனையில் நாம் ஓதும் பகவன் புத்தரின் ஒன்பது குணங்களுள் 'புரிச தம்ம சாரதி' என்பதும் ஒன்று. பழக்கத்தக்க மாந்தரைப் பழக்கி நடத்தும் சாரதி என்பது அதன் பொருள். தேரும் குதிரையும் அறிந்த நாட்டில் பிறந்த சொல்லாதலின், விலங்கு பழக்கும் தொழிலைக் கொண்டே அதனை ஆராய்வோம்.

அங்குத்தர நிகாயத்தின் நான்காம் நிபாதத்தில் கேசி என்னும் குதிரைப் பயிற்சியாளன் வருகின்றான். குதிரைகளை எவ்வாறு பழக்குகின்றாய் என்று பகவன் வினவினார். சிலவற்றை மென்மையாலும், சிலவற்றைக் கடுமையாலும், சிலவற்றை இரண்டும் கலந்தும் பழக்குவதாக அவன் விடையிறுத்தான். குதிரை என்னும் ஓரினத்துக்கே மூன்று வழிகள் வேண்டியிருந்தன. இனம் மாறினால் வழி எத்துணை மாறும்!

சைபீரியக் காடுகளில் வாழும் எவங்கி மக்கள் பனிமான்மேல் ஏறிச் செல்வோர். பனிமானின் நடுமுதுகு ஆள்பாரம் தாங்காது. ஆகவே அவர்கள் சேணத்தை முன்னே தள்ளித் தோளின்மேல் அமைத்தனர். ஏறுகின்றவன் கோலொன்றைத் துணைக்கொண்டு தன் உடலைத் தானே நிதானித்து அமர வேண்டும். அம்மான்கள் எந்நேரமும் கட்டுண்டு கிடப்பனவும் அல்ல. கோடையில் கொசுக் கூட்டம் வாட்டுங்கால் அம்மக்கள் புகை மூட்டுவர். மேயச் சென்ற மான்கள் தாமே அப்புகையைத் தேடி வந்து நிற்கும். உப்பை நாடியும் வரும். தன் துன்பம் இன்னதென்று அறிந்தவனிடம் விலங்கு வந்து சேர்கின்றது.

மூஸ் என்னும் பெரிய காட்டுமானையும் பழக்க முயன்றோர் உண்டு. உருசியாவில் பெச்சோரா-இலிச் காப்புக்காட்டில் 1949ஆம் ஆண்டிலும், கொஸ்த்ரோமா வட்டாரத்துச் சுமரோக்கோவோவில் 1963ஆம் ஆண்டிலும் இதற்கெனப் பண்ணைகள் தோன்றின. இளங்கன்றுக்கு மனிதரே பால் புகட்டி வளர்ப்பர். வளர்ந்த மான் காட்டில் மேய்ந்து பண்ணைக்குத் திரும்பும்.

வரிக்குதிரையின் கதை வேறு. கோவாவிலிருந்து நைரோபி சென்ற மருத்துவர் ரொசெந்தோ ரிபெய்ரோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வரிக்குதிரைமேல் ஏறி நோயாளரைக் காணச் சென்றார். ஒன்றைப் பழக்கலாம் என்பதற்கு இது சான்று. ஆயினும் அவ்வினம் வீட்டு விலங்காகவில்லை. சிங்கத்துக்கு அஞ்சி வாழ்ந்த மரபினதாகலின் சட்டென மிரளும், உதைக்கும், கடிக்கும். அதனைக் கெட்ட விலங்கென்பது பேதைமை. அஞ்சுவதற்குக் காரணமுடைய விலங்கு, அவ்வளவே.

இனிக் கேசியிடம் மீள்வோம். மூவழியாலும் அடங்காத குதிரையை என்ன செய்வாய் என்றார் பகவன். கொன்றுவிடுவேன், இன்றேல் என் ஆசிரியர் மரபுக்கு இழுக்காகும் என்றான் அவன். பின்பு அதே வினாவைப் பகவனிடம் அவன் திருப்பினான். தாமும் மூவழியாலேயே மாந்தரைப் பழக்குவதாகவும், அடங்காதவனைக் கொல்வதாகவும் அவர் உரைத்தார். கேசி திடுக்குற்றான், உயிர்க்கொலை தங்களுக்குத் தகாதே என்றான். பேசவும் அறிவுறுத்தவும் தகாதவன் என்று ததாகதரும் உடன்பயிலும் அறிஞரும் ஒருவனை விட்டுவிடுதலே ஆரிய விநயத்தில் கொலையாகும் என்று பகவன் விளக்கினார்.

இதனை விலக்கிவைப்பதற்குக் கிடைத்த அனுமதியாகச் சிலர் கொள்வர். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை. விடுதலுக்கு அவர் இட்ட பெயர் கொலை. மூன்று வழிகளும் முடிந்த பின்னரே அச்சொல் வருகின்றது.

நம்மவருள் ஒருவர் பஞ்சசீலம் ஏற்றபின் மீண்டும் கள்ளுக்கடையை நாடுகின்றார். அல்லது உறவினர் நெருக்கத்தால் பழைய சடங்குக்குத் திரும்புகின்றார். முதல் மாதம் ஏச்சு. இரண்டாம் மாதம் முகம் திருப்பல். மூன்றாம் மாதம் பௌர்ணமி வந்தனைக்கு அழைப்பே செல்வதில்லை. அவர் மனைவியும் மக்களும்கூட அத்துடன் விடுபடுகின்றனர். சங்கத்தின் பெயர் கெடும் என்று காரணம் சொல்லப்படுகின்றது. கேசி சொன்ன காரணமும் அதுவே அன்றோ? கடுஞ்சொல் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. கடுமையும் ஒரு வழியே. ஆனால் மென்மையை முதலில் எவர் முயன்றார்? அந்தியில் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அவரைக் குடிக்கு விரட்டும் துன்பம் யாதென்று எவர் கேட்டார்?

வரும் பௌர்ணமிக்கு அழைப்புரைக்கச் செல்லும் அன்பர்கள் அவர் வாயிலிலும் நிற்பாராக. அவர் வாராவிடினும், அடுத்த மாதமும் செல்வாராக.