அறியாதவரைப் பழி சேருமா?

2016 அக்டோபர் 21 அன்று இணையதளப் பெயர்களை முகவரிகளாக மாற்றித் தரும் அமெரிக்காவின் டைன் நிறுவனச் சேவையகங்கள் ஒரு இணையத் தாக்குதலில் திணறின. அவற்றை நம்பியிருந்த ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்கு மணிக்கணக்கில் கிடைக்கவில்லை. தாக்கியவற்றுள் ஏராளமானவை வீட்டையும் கடையையும் காவல் காக்க வாங்கிய கேமராக்களும் அவற்றின் பதிவுப் பெட்டிகளும்தான். மிராய் என்ற தீநிரல், ஆலையிலேயே வைத்த சுமார் 60 பெயர்–கடவுச்சொல் இணைகளை முயன்று பார்த்தே அவற்றுக்குள் புகுந்திருந்தது. ஏவியவர் குற்றவாளி என்பதில் ஐயமில்லை. ஆனால் கேமராவை மாட்டியவருக்கும் அதில் பங்கு உண்டா?

கடவுச்சொல்லை மாற்றாதது அவர் அலட்சியம் என்பார்கள். ஓரளவு நியாயம்தான். ஆனால் அந்தக் கருவிகள் பலவற்றில் உரிமையாளர் திரையில் கடவுச்சொல்லை மாற்றினாலும் உள்ளே பதிந்த இன்னொன்று மாறாமலே இருந்தது. தன்னால் காணவும் திருத்தவும் முடியாத ஒன்றுக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது அறமாகாது. பொறுப்பு அறிவையும் ஆற்றலையும் தொடர்ந்து வருவது. இரண்டும் இருந்தது தயாரிப்பாளரிடம். லட்சம் வீடுகளுக்கு ஒரே சாவியைச் செய்து விற்ற கொல்லர், திருடனை மட்டும் கைகாட்டித் தப்ப முடியுமா? பாதுகாப்பைச் சேர்த்தால் விலை ஏறும், ஏழை வாங்க முடியாது என்ற வாதமும் நிற்காது: அந்த மலிவின் மீதியை, கேமராவே வாங்காத யாரோ செலுத்துகிறார்கள். கலிபோர்னியா 2020இலும் பிரிட்டன் 2024இலும் பொதுக் கடவுச்சொற்களைச் சட்டத்தால் தடுத்தன. விற்பவரைக் கேள்வி கேட்கும் அந்தச் சட்டங்களே சரியான இடத்தில் கை வைத்தவை.