காத்தவர் உடையவராவாரா?

ஒரு பொருளை அழியாமல் காத்தவருக்கு அப்பொருளின்மீது எவ்வளவு உரிமை உண்டு? எளிய வினாப்போல் தோன்றும். கோடியாக் தீவின் வரலாற்றைப் படித்தபின் நமக்கு அவ்வெளிமை போய்விட்டது.

அலாஸ்காவின் தென்கரைக்கு அப்பாலுள்ள அத்தீவின் தொல்குடியினர் அலூட்டிக் மக்கள். மரச்சட்டத்தின்மேல் கடற்சிங்கத் தோலை இழுத்துத் தைத்த சிறு படகேறிக் கடல்வேட்டையாடி வாழ்ந்தவர்கள். பனிக்கால விழாக்களில் மரத்தில் செதுக்கிய முகமூடி அணிந்து ஆடினர். அவர்கள் மொழியில் அதற்குக் 'கீனாகுக்' என்று பெயர். 'முகம் போன்றது' என்பது பொருள். முகமென்று துணியாமல் முகம் போன்றதென்று சொன்ன அடக்கத்தை என்னென்பது! விழா முடிந்ததும் பல முகமூடிகளை உடைத்தெறிந்துவிடுவதும் அவர்கள் வழக்கமே.

1871-ஆம் ஆண்டில் அல்போன்ஸ் பினார் என்னும் பத்தொன்பது வயதுப் பிரெஞ்சு இளைஞர் அங்குச் சென்றார். முகமூடிகள் பலவற்றைத் திரட்டினார், பாடல்களையும் கேட்டெழுதிக்கொண்டார். முகமூடிகள் பிரான்சின் பூலோன் நகர அருங்காட்சியகத்தை அடைந்தன. தீவிலோ, 1867-இல் அலாஸ்காவை ருஷ்யாவிடமிருந்து வாங்கிய அமெரிக்காவின் பள்ளிகள் எழுந்தன; தாய்மொழி பேசிய பிள்ளைகள் அங்குத் தண்டிக்கப்பட்டனர். இன்று அம்மொழியைத் தடையின்றிப் பேசுவோர் மிகச் சிலர்.

பினார் எடுத்துச் செல்லாதிருந்தால் அவையும் மண்ணாகியிருக்கும் என்பார் உளர். மெய்தான், நன்றி கூறவே வேண்டும். ஆனால் அண்டைவீடு எரிந்தபோது அவ்வீட்டுப் பெட்டி தம்மிடம் இருந்தமையால் தப்பிற்று என்பதற்காக, அதைத் தமதென்று ஒருவர் சொல்லலாமா? அமானிதம் என்னும் சொல்லை அறிந்த நமக்கு இதில் ஐயமிராது.

இன்னொரு முடிச்சு உண்டு. நம்மை மிகவும் அலைக்கழிப்பது அதுவே. உடைத்தெறியவென்றே செதுக்கிய முன்னோரின் விருப்பம் என்னாவது? காத்ததே அவர்களுக்கு மாறானதன்றோ? நாம் இவ்வாறு எண்ணுகிறோம்: அடுத்த பனிக்காலத்தில் புதிது செதுக்கக் கைகள் உண்டென்ற உறுதியில்தான் அவர்கள் உடைத்தனர். அக்கைகள் தொழிலை மறந்த காலத்தில் பழைய முகமூடியே ஆசிரியர். முன்னோர் இதற்கு இசைந்திருப்பர் என்று கூற நாம் யார்? பேரர்கள் கேட்கின்றனர், அது போதும்.

2006-இல் அலூட்டிக் கலைஞர்கள் சிலர் பூலோன் சென்று அவற்றைக் கண்டு கற்றனர். 2008-இல் முப்பதுக்கு மேற்பட்ட முகமூடிகள் கோடியாக்கிலுள்ள அலூட்டிக் அருங்காட்சியகத்துக்கு வந்தன. வந்தது இரவலாக. காட்சி முடிந்ததும் அவை பிரான்சுக்கே திரும்பின.