எடைச் சீட்டும் வினைக் கணக்கும்

ஒரு லோரி எவ்வளவு சுமக்கலாம் என்பதை மலேசியாவில் அதன் உடம்பிலேயே எழுதி வைத்திருப்பார்கள். காலி எடை இவ்வளவு, லோடோடு சேர்த்து இவ்வளவு என்று பெயிண்டில் இரண்டு வரி. நான் கோத்தா திங்கி பக்கம் ஒரு செம்பனை ஆலையில் திம்பாங் கிராணி, அதாவது எடைமேடையில் சீட்டுப் போடுகிறவள். கதவில் இருக்கிற எண்ணையும் என் திரையில் ஓடுகிற எண்ணையும் ஒரே பார்வையில் பார்க்கிற வேலை. இரண்டும் ஒத்துப் போகாத நாள்கள் உண்டு. மழைக்காலத்தில் அதிகம்.

வேலை இவ்வளவுதான்: லோரி குலையோடு மேடை ஏறும், எடை எடுப்பேன். உள்ளே போய்க் கொட்டிவிட்டுக் காலியாக வரும், மறுபடி எடுப்பேன். கழித்து வருவதற்குக் காசு. சீட்டில் ஈரம், பழுக்காத குலை, நீளக்காம்பு எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. கதவில் எழுதியதோடு ஒப்பிட மட்டும் கட்டம் கிடையாது. அது ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்து இலாகா, பார்க்க வேண்டிய விஷயம், ஆலைக்கு அதில் வேலை இல்லை என்பது ஏற்பாடு.

கூடுதலாக ஏற்றுவதற்குப் பேராசை மட்டும் காரணம் என்று சொல்லிவிட முடியாது. வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேக வைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். இரண்டு நாள் மழை பெய்தால் தோட்டத்து மண்ரோட்டில் லோரி இறங்காது. மூன்றாம் நாள் குலை மலையாகக் கிடக்கும். தோட்டக்காரருக்கு அவசரம், லோரி முதலாளிக்கு வங்கித் தவணை, டிரைவருக்கு டன் கணக்கில் சம்பளம். “ரெண்டு டன்னுதானே அக்கா, ரோடு அழவா போகுது?” என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டான்.

அழும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்ற ஊரருகே வளையம் வளையமாகச் சாலை போட்டு, ராணுவத்தாரை விட்டு லோரிகளை இரவும் பகலும் ஓட்டிப் பார்த்தார்கள். சாலைக்கு வரும் சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்கில் ஏறுகிறது என்று அதிலிருந்து தெரிந்தது. 10 டன் அச்சில் 12 டன் ஏற்றினால் சுமை ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது, சேதமோ இரண்டு மடங்காகிறது. அரை டன் அமுக்கும் கார் அச்சோடு 10 டன் அச்சை வைத்துப் பார்த்தால், லோரி ஒருமுறை போவது கார் 1,60,000 முறை போவதற்குச் சமம். உலு திராம் பக்கம் மூன்றாம் எண் கூட்டரசுச் சாலையில் விழும் பள்ளங்களைக் காரில் போகிறவர் திட்டிவிட்டுப் போய்விடுவார். விடியுமுன் சிங்கப்பூர் வேலைக்கு மோட்டார் சைக்கிளில் பறக்கிறவன்தான் அதில் விழுகிறான்.

இந்தப் பேச்சு வந்தால் நம்மவர்களுக்கு மயிலிறகு வண்டி நினைவுக்கு வராமல் இருக்காது. வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் சொன்னது: மெல்லிய பீலியானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். நல்ல காலத்துக் குறள் அது. ஏற்றியவனுடைய வண்டி, ஏற்றியவனுடைய அச்சு, நட்டமும் அவனுக்கே. தப்பும் தண்டனையும் ஒரே முகவரியில் இருந்தன. இப்போது இரும்பு அச்சு லேசில் முறிவதில்லை. முறிவது பாலமாகவும் தாராகவும், முன்பின் தெரியாத ஒருவனுடைய காலாகவும் இருக்கிறது. அச்சு முறியாத காலத்தில் ஏற்றியவனைத் தடுக்க என்ன இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துகிற கேள்வி.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கோவிலில் பிள்ளைகளுக்குச் சமய வகுப்பு எடுக்கிறேன். 2025 மே 13 காலையில் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தானில் சல்லிக்கல் ஏற்றிய ஒரு லோரி, எஃப்ஆர்யூ என்ற கலகத் தடுப்புப் போலீசார் வந்த வண்டியில் மோதி ஒன்பது பேர் இறந்தார்கள். சித்ரா பௌர்ணமித் திருவிழாவுக்குப் பாதுகாப்புக் கொடுத்துவிட்டு ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். லோரியின் ஸ்டியரிங் பழுதாகியிருந்ததும் அனுமதித்த அளவுக்கு மேல் லோடு இருந்ததும் விசாரணையில் வெளிவந்தன. அந்த வாரம் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், முருகன் ஊர்வலத்துக்குத்தானே காவல் நின்னாங்க, அவங்கள ஏன் முருகன் காப்பாத்தல?”

பிராரத்தம் என்று ஒரே சொல்லில் முடித்திருக்கலாம். முன் வினை இப்போது பலன் தருகிறது, அவ்வளவுதான் என்று. புத்தகத்தில் அது இருக்கிறது, நானே போர்டில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆனால் அதே பக்கத்தில் ஆகாமியமும் இருக்கிறது: இன்று புதிதாகச் செய்து சேர்க்கிற வினை. பட்டவருக்குப் பிராரத்தமாக இருப்பது செய்தவருக்கு ஆகாமியம். ஒரே சம்பவம், கணக்குப் புத்தகம் இரண்டு. விதி என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ள அந்த ஒன்பது வீட்டாருக்கு உரிமை உண்டு. லோடு ஏற்றினவருக்கும், ஏற்றச் சொன்னவருக்கும், பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் அந்தச் சொல்லை வாயில் எடுக்க உரிமை கிடையாது. எங்கள் சைவ சித்தாந்தத்தை நான் இப்படித்தான் படிக்கிறேன். குருக்கள் ஐயா வேறு மாதிரி சொல்லக்கூடும்.

பையனுக்கு அன்று மனுநீதிச் சோழன் கதையைத்தான் சொன்னேன். திருவாரூர் வீதி, இளவரசன் தேர், ஓடிவந்த கன்று. அதுவும் சாலை விபத்துதானே. பெரியபுராணத்தில் நான் நின்றுவிடுகிற இடம் அமைச்சர்கள் பேசுமிடம். பசுவதைக்கு நூல்களில் பிராயச்சித்தம் விதித்திருக்கிறது, அதைச் செய்துவிட்டால் போதும் என்கிறார்கள். அந்தக் காலத்து அபராதச் சம்மன் அது. கட்டிவிட்டு நடையைக் கட்டலாம். அரசன் ஒப்பவில்லை. கன்றை இழந்த பசுவின் துயரத்துக்கு அது மருந்தாகுமா என்கிறான். மகன்மேல் தேரை ஏற்றியதில் எனக்கு உடன்பாடில்லை, இன்னொரு பிணம் எந்தத் தாய்க்கும் ஆறுதலாகாது. ஆனால் சீட்டுக் கிழித்துக் கணக்கை முடிக்க மறுத்தானே, அது பெரிது. கதையில் சிவபெருமான் வந்து கன்றையும் எழுப்பிக் கொடுக்கிறார். பிள்ளைகளுக்கு அந்த இடம் பிடிக்கும். தெலுக் இந்தானில் யாரும் எழவில்லை என்று அந்தப் பையனே சொன்னான்.

அதே திருவாரூரில்தான் ஆழித்தேர் ஓடுகிறது. அலங்காரத்தோடு சுமார் 300 டன் என்பார்கள். அதற்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் ஹைட்ராலிக் பிரேக் உண்டு. போதாதற்குச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் ஓரோர் அடியையும் பார்த்துப் போகிறார்கள். எங்கள் கோவில் ரதம் அதன் பேரப்பிள்ளை மாதிரி. அதற்கும் போலீஸ் பெர்மிட், பாதை, நேரம், ஒயரைக் கழியால் தூக்கிப் பிடிக்க ஓர் ஆள். சாமி என்பதற்காக எடை குறைந்துவிடாது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் செத்தார்கள்.

நெடுஞ்சாலையில் போகும் பெரிய சுமைக்கும் சட்டம் இதே பெர்மிட், பாதை, நேரத்தைத்தான் கேட்கிறது. மின்மாற்றியோ ஆலைக் கொதிகலனோ போகவேண்டுமானால் சிறப்பு அனுமதி வாங்கவேண்டும். எத்தனை அச்சு, எந்தப் பாதை, எந்தப் பாலம், எந்த நேரம், முன்னும் பின்னும் யார் வருவது என்றெல்லாம் வண்டி புறப்படும் முன்பே கேள்வி. பாசிர் கூடாங் சாலையில் நள்ளிரவில் அப்படி ஒன்று நடைவேகத்தில் ஊர்வதைப் பார்த்திருக்கிறேன். இத்தகைய அனுமதிக்குப் பல நாடுகளில் ஒரு பொது நியாயம் உண்டு: பிரித்து ஏற்ற முடியாத சுமைக்குத்தான் விலக்கு. கொதிகலனை இரண்டாக வெட்ட முடியாது. குலையைப் பிரிக்கலாம், மணலைப் பிரிக்கலாம், சல்லியைப் பிரிக்கலாம். இரண்டு நடையில் போகவேண்டியதை ஒரு நடையில் அடைப்பவருக்குச் சட்டம் முகம் கொடுப்பதில்லை. தர்ம சாஸ்திரத்தில் இத்தனை துல்லியமான வரி உண்டா என்று யோசிக்கிறேன். தவிர்க்க முடியாத பாரத்துக்கு மன்னிப்பும் கூட நடக்க ஆளும் உண்டு. தவிர்க்க முடிந்ததற்கு இரண்டும் இல்லை.

சமணர்கள் வினையை மூன்றாகப் பிரித்தார்கள்: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். டிரைவர் செய்கிறார். முதலாளி செய்விக்கிறார். மூன்றாவது கட்டம் என் மேசையில் இருக்கிறது, ஏனென்றால் எண்ணை அச்சடிப்பவள் நான். அதனால் ஆலைக் கூட்டத்தில் ஒன்று கேட்டேன்: கதவில் உள்ள எடையையும் சீட்டில் அச்சடிப்போம், மீறிய டன்னுக்குக் காசு கிடையாது என்று போர்டு வைப்போம். மீறிய டன்னுக்குக் காசு இல்லையென்றால் ஏற்றுவது யார்? மேனேஜர், “அப்படியென்றால் குலை பக்கத்து ஆலைக்குப் போய்விடுமே” என்றார். அதுவும் உண்மைதான். எல்லா ஆலைக்கும் இந்த விதி ஒரே நாளில் வந்தாலொழிய கூடுதலாக ஏற்றுவது நிற்காது.

அதே தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் கோபப்படவில்லை. “செய்ங்க அக்கா. ஆனா ஒரு லோட ரெண்டு நடையா அடிச்சா அந்த ரெண்டாவது நடைக்கு டீசல் யாரு, எனக்கு தூக்கம் யாரு தருவா, அதையும் அந்தச் சீட்டுல எழுதுங்க” என்றான். அடுத்த கூட்டத்துக்கு அதையும் எழுதிக்கொண்டு போகிறேன்.