பழையனூர் நீலியும் ஐம்பது சத்தியமும்

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரும்பு உருக்கும் ஆலை ஒன்றில் கணக்கெழுதும் பணியில் இருக்கிறார். சென்ற ஷஅபான் மாதத்தில் நம்மைக் காண வந்தவர், நலம் விசாரித்து முடித்ததும் சற்றுத் தயங்கி, “ஹஜ்ரத், ஒன்று கேட்க வேண்டும், தாங்கள் சிரிக்கக் கூடாது” என்றார்.

இரவு முறை முடிந்த தொழிலாளர்கள் இருப்புப்பாதை ஓரமாக நடந்து செல்லும் ஒற்றையடித் தடம் ஒன்று உண்டாம். அங்கே வேலிக்கருவைப் புதர் ஒன்றின் அருகே, நள்ளிரவு கடந்த பின், ஒரு குரல் தண்ணீர் கேட்கிறதாம். கேட்டவர் பலர்; திரும்பிப் பார்த்தவருக்கு மூன்று நாள் காய்ச்சல். “அங்கே ஜின் இருக்குமா, ஹஜ்ரத்?”

நாம் சிரிக்கவில்லை. அந்த இடத்தில் இறந்தவர் யார் என்று மட்டும் கேட்டோம். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே ஓர் ஆணின் பிணம் கிடந்ததாகவும், தலையில் காயம் இருந்ததாகவும், வண்டியில் அடிபட்டதா, யாரேனும் அடித்துப் போட்டதா என்பது விளங்கவில்லை என்றும், போலீசார் வந்து எடுத்துச் சென்றதாகவும் கூறினார். பெயர்? தெரியாது. ஊர்? தெரியாது. பேயின் நேரமும் இடமும் வழக்கமும் அத்தொழிற்பேட்டை முழுவதற்கும் தெரிந்திருக்க, மனிதரின் பெயரை அறிந்தவர் ஒருவருமில்லை.

ஜின் எனும் படைப்பு உண்டென்பதை நாம் மறுப்பவரல்லோம். ஆனால் அக்கேள்விக்கு விடை சொல்லி அவரை அனுப்பிவிட நமக்கு மனம் வரவில்லை. துலங்காத கொலைகளையும் ஆவிக் கதைகளையும் மக்கள் இவ்வளவு ஆவலுடன் படிக்கிறார்களே, கேட்கிறார்களே, இறந்தவருக்கு நாம் செய்ய வேண்டியதொன்று இருக்கிறது என்பதை அந்த ஆவல் நினைவூட்டுகிறதா, மறக்கடிக்கிறதா என்பதே நம்மை வருத்திய கேள்வி.

திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கே, அரக்கோணம் செல்லும் வழியில் திருவாலங்காடு இருக்கிறது. பேய் வடிவம் வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார் வந்து தங்கிய ஊராகச் சைவ நூல்கள் கூறுவது இதனையே. அதனை அடுத்தது பழையனூர். தமிழ்நாட்டுப் பேய்க் கதைகளுள் மிகப் பழையதும் புகழ் பெற்றதும் இவ்வூருக்குரியது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சம்பந்தரின் தேவாரத்திலேயே அதன் குறிப்பு உண்டென்பர் அறிஞர். கதை பலவாறு வழங்குகிறது, சுருக்கம் இது. ஒருத்தி தன் கணவனாலேயே காட்டில் கொல்லப்படுகிறாள். மறுபிறப்பில் அவன் வணிகனாகப் பிறந்து பழையனூர் வழியே வருகிறான். அவள் நீலி எனும் பேயாகி, கைக்குழந்தையோடு அவன் மனைவி போல் வந்து, வேளாளர் அவையில் அழுது முறையிடுகிறாள். இவள் மனைவியல்லள், பேய் என்று அவன் கதறுகிறான். குழந்தை அவனை நோக்கித் தாவுகிறது. அவளுடைய கண்ணீரை நம்பிய வேளாளர் எழுபதின்மர், உன் உயிருக்குத் தீங்கு வரின் எங்கள் உயிரைத் தருவோம் என்று வாக்களித்து, அவனுக்குக் காப்பாக இருந்த வாளையும் விலக்கி, இருவரையும் ஒரு வீட்டில் இரவு தங்கச் செய்கின்றனர். விடியும்போது அவன் பிணமாகக் கிடக்கிறான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாது தீப்பாய்ந்து மாய்கின்றனர்.

மறுபிறப்பு நம் கொள்கையன்று; கதையைக் கதையாகவே கொள்வோம். இக்கதையிலிருந்து தமிழ் மக்கள் எடுத்துக்கொண்டது ‘நீலிக் கண்ணீர்’ என்னும் சொல் ஒன்றே. பொய்யழுகைக்கு அது பெயராயிற்று. அந்தப் பெண் முதலில் கொல்லப்பட்டவள் என்பதும், அக்கொலையை எந்த அவையும் விசாரிக்கவில்லை என்பதும் சொல்வழக்கில் தங்கவில்லை. உயிரோடிருந்து வெட்டுண்டவளுக்கு அவை கூடவில்லை. பேயாக வந்து அழுதபோதுதான் கூடிற்று.

அரபு நாட்டிலும் இதுபோன்றதொரு நம்பிக்கை இருந்தது. அறியாமைக் காலத்து அரபியர், கொலையுண்டவனின் தலையிலிருந்து ஆந்தை போன்றதொரு பறவை வெளிப்படும் என்றும், பழி தீர்க்கப்படும் வரை அது அவனது கப்றின் மேல் அமர்ந்து, எனக்குக் குடிக்கத் தாருங்கள் என்று கூவிக்கொண்டிருக்கும் என்றும் நம்பினர். அதற்கு ஹாமா என்று பெயர். அது கேட்ட பானம் கொன்றவனின் குருதி. மாணவர் சொன்ன குரலும் தண்ணீரையே கேட்கிறதென்றபோது நாம் சற்றுத் திடுக்கிட்டது உண்மை. பாலைவனத்து மக்களும் இருப்புப்பாதையோரத்துத் தொழிலாளரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே கதையைக் கட்டியிருக்கிறார்கள்.

ஹாமா என்று ஒன்றில்லை எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் தெளிவாக மறுத்தார்கள். நம்மவருள் பலர் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றனர். பேயில்லை என்று நிறுவிவிட்டால் கடமை முடிந்ததாக ஒரு நிறைவு! பறவையை மறுத்த அதே மார்க்கம், பறவை எதற்காகக் கூவுவதாக மக்கள் எண்ணினார்களோ அந்தக் கணக்கை மறுக்கவில்லை. அதற்கு வேறொரு வழி வகுத்தது. ஃபிக்ஹு நூல்களில் அது கஸாமா எனப்படும்.

அதன் மூலநிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கிறது. அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி) என்னும் தோழர் கைபரில் கொல்லப்பட்டுக் கிடந்தார். கொன்றவர் யாரெனத் தெரியவில்லை. அவருடைய உறவினர் கைபர்வாசிகளான யூதர்கள்மீது ஐயங்கொண்டு மதீனாவுக்கு வந்து முறையிட்டனர். ஐம்பது சத்தியம் செய்து உங்கள் உரிமையை நிலைநாட்டுகிறீர்களா என்று அண்ணலார் (ஸல்) வினவ, நாங்கள் கண்ணால் காணாததற்கு எவ்வாறு சத்தியம் செய்வோம் என்றனர். அவ்வாறாயின் கைபர்வாசிகள் ஐம்பது சத்தியம் செய்து பொறுப்பிலிருந்து நீங்கட்டும் என்றபோது, அவர்களுடைய சத்தியத்தை நாங்கள் எப்படி நம்புவோம் என்றனர். முடிவில் பெருமானாரே 100 ஒட்டகங்களை இழப்பீடாக அளித்து வழக்கை முடித்தார்கள்.

ஓதும் காலத்தில் இந்த ஹதீஸைச் சட்டநுட்பம் கருதியே நாம் படித்தோம்; ஷாஃபிஈ மத்ஹபில் முதலில் சத்தியம் செய்பவர் வாரிசுகளா, ஹனஃபி மத்ஹபில் ஊரவர்களா என்று விவாதித்துப் பொழுது போக்கினோம். ஐம்பதைக் கடந்த பின்னரே, அதில் வருவோரின் நிலை நமக்குப் புலப்படுகிறது. தம் உறவினரை இழந்து நெஞ்சு கொதித்து நிற்பவர்கள், காணாததைக் கண்டதாகச் சொல்ல மறுக்கின்றனர். ஐயத்தை வைத்து ஓர் ஊரையே தண்டிக்கும் வழி அங்கே திறக்கப்படவில்லை; அதற்காக அந்த உயிரைக் கணக்கில் வராததென்று விட்டுவிடவுமில்லை.

கஸாமாவில் இடர்ப்பாடு இல்லையென்று நாம் சொல்லவரவில்லை. கண்ணால் காணாதவர்களின் சத்தியம் எத்தனை சேர்ந்தாலும் சாட்சியமாகுமா என்று உமர் இப்னு அப்துல் அஸீஸ் அவர்களின் அவையில் அபூ கிலாபா எழுப்பிய ஆட்சேபம் புகாரீயில் இருக்கிறது. அது வலிமையான ஆட்சேபமே. ஹனஃபி மத்ஹபின் வழி இதற்கு ஓரளவு இடங்கொடுக்கிறதென்பது நம் கருத்து. பிணம் கிடந்த மஹல்லாவாசிகள் ஐம்பதின்மர், நாங்கள் கொல்லவுமில்லை, கொன்றவனை அறியவுமில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்த பின்னும் இழப்பீட்டைச் செலுத்த வேண்டும். குற்றமற்றவர் என்றான பிறகும் ஏன் செலுத்த வேண்டும்? தம் எல்லைக்குள் ஓர் உயிர் காப்பின்றிப் போனதால். பழி வேறு, பொறுப்பு வேறு என்று இவ்வளவு கூர்மையாகப் பிரித்த சட்டம் அரிது. பிணம் பொதுவான பெருவழியில் கிடந்தால், எந்த மஹல்லாவையும் பிடிப்பதற்கில்லை. பைத்துல்மால் செலுத்தும் என்று ஹிதாயா கூறுகிறது.

பழையனூர் எழுபதின்மரை இந்த வெளிச்சத்தில் பார்க்கும்போது அவர்கள்மீது நமக்கு மதிப்புக் கூடுகிறது. கண்ணீரைச் சாட்சியமாகக் கொண்டது அவர்கள் பிழை. எனினும் தங்கள் ஊரில் போன உயிருக்குத் தாங்களே ஈடு என்று நின்றார்கள். தீப்பாய்தலை நம் மார்க்கம் ஒப்பாது. ஒப்பாவிட்டாலும், எங்களுக்கென்ன என்று கதவைச் சாத்திக்கொள்ளாத அந்த மனத்தை நாம் போற்றாமலிருக்க இயலாது.

பழங்கதையை விட்டு நம் காலத்துக்கு வருவோம். 2005 ஜனவரி 9 அன்று, பெரியபாளையத்தை அடுத்த தானாகுளத்தில், கும்மிடிப்பூண்டிச் சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனம் தம் வீட்டுக்குள் புகுந்த கொள்ளையரால் சுட்டுக் கொல்லப்பட்டார். அரசு ஜாங்கிட் அவர்களின் தலைமையில் தனிப்படை அமைத்தது. கைரேகையைத் துணைகொண்டு காவலர் வடமாநிலங்களில் அலைந்து, லாரிகளில் வந்து நெடுஞ்சாலையோர வீடுகளைத் தாக்கிய பவாரியாக் கூட்டத்தைக் கண்டுபிடித்தனர். அதற்கு முன் பல ஆண்டுகளாகத் தமிழகத்தில் துலங்காதிருந்த கொலைகள் பலவும் அக்கூட்டத்தின் செயலே என்று அப்போதுதான் தெரிந்தது. 2017இல் ‘தீரன் அதிகாரம் ஒன்று’ என்ற பெயரில் இது திரைப்படமும் ஆயிற்று. வழக்கு இருபதாண்டு நடந்து, 2025 நவம்பரில் மூவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது.

காவலர்களின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் முன்னர் இறந்த எளியவர்களின் கணக்கு, பெரிய மனிதர் ஒருவர் இறக்கும்வரை காத்திருக்க நேர்ந்ததே! இன்னொன்றும் சொல்ல வேண்டும். பவாரியா என்பது ஒரு கொள்ளைக் கூட்டத்தின் பெயரன்று. ஒரு சமூகத்தின் பெயர். பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று 1871ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்தால் முத்திரையிடப்பட்டு, 1952இல் அதிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களுள் அதுவும் ஒன்று. கதை சுவைபடச் சொல்லப்படும்போது அந்த முத்திரை மறுபடியும் விழுகிறது. கைபரில் எது தவிர்க்கப்பட்டதோ, அதைத் திரையரங்கில் நாம் கைதட்டி ஏற்றுக்கொள்கிறோம்.

இந்நாட்டுச் சட்டமும் கஸாமாவுக்கு நெருங்கிய ஓரிடத்தை வந்தடைந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார். 2009இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357ஏ என்னும் பிரிவு சேர்ந்தது. குற்றவாளி யாரெனத் தெரியாமல், வழக்கு விசாரணையே நடவாமற் போனாலும், பாதிக்கப்பட்டவரோ அவரைச் சார்ந்து வாழ்ந்தவர்களோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் இழப்பீடு கோரலாம் என்று அதன் நான்காம் உட்பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் இது 396ஆம் பிரிவு. பைத்துல்மாலின் பொறுப்பென்று ஹிதாயா சொன்னதை இங்கே அரசு ஏற்றிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை: கொன்றவன் அடையாளம் தெரியாதிருக்கலாம், இறந்தவர் அடையாளம் தெரிந்திருக்க வேண்டும்.

மாணவர் சொன்ன புதருக்கு அருகே இந்த நிபந்தனைதான் தடையாக நிற்கிறது. அத்தொழிற்பேட்டையில் உழைப்போருள் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் ஏராளம். ஒப்பந்தக்காரர் ஒருவரின் குறிப்பேட்டில் பாதிப் பெயரோடு வாழ்பவர் அவர்களில் உண்டு. அவருள் ஒருவர் திரும்பி வராவிட்டால், ஊரில் இருக்கும் தாய் அவரைக் காணாமற்போனவர் என்கிறாள். இங்கே அவர் அடையாளம் தெரியாத ஆண் பிணம். இவ்விரண்டும் ஒரே மனிதர் என்று சேர்த்துச் சொல்ல ஆளில்லாதவரை, சட்டம் தரவிருக்கும் பணம் தரப்படாமலே இருக்கும். தாய் கதவைத் தாழிடாமல் உறங்குவாள்.

சென்ற வாரம் மாணவர் மறுபடியும் வந்தார். முன்பு நாம் கேட்க மறந்த ஒன்றை இம்முறை கேட்டோம்: அந்தக் குரல் எந்தச் சொல்லால் தண்ணீர் கேட்கிறது? அவர் சற்றும் யோசியாமல், “பானி, பானி என்றுதான் ஹஜ்ரத்” என்றார். சொல்லி முடித்த பிறகு அவரே பேச்சற்றுப் போனார். இறந்தவர் வடக்கேயிருந்து வந்தவர் என்பது கதை கட்டியவர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. அச்சொல் ஹிந்திக்கும் ஒடியாவுக்கும் பொது. ஊரை அது காட்டாது. எனினும் அவரோடு வேலை செய்தவர் யாரோ இன்னும் அங்கே இருக்கிறார் என்பதை அது காட்டுகிறது.

எந்த ஆண்டு, எந்த மாதம் என்பதையேனும் தேநீர்க்கடையில் விசாரித்து வரச் சொன்னோம். விசாரித்துவிட்டார். பிண விசாரணை நடந்திருந்தால் காவல் நிலையத்தில் அதற்கு ஓர் எண் இருக்கும், புகைப்படமும் இருக்கக்கூடும். தனியே சென்று கேட்க அவருக்குத் தயக்கம். வரும் திங்கட்கிழமை நாமும் உடன் செல்வதாக இருக்கிறோம்.