வாக்குக்கு விலை உண்டா?

கார் விற்பனைக் கூடத்தில் பேச்சு முடிந்துவிட்டது என்று நாம் எண்ணும் வேளையில்தான் அந்தத் தாள் மேசைக்கு வருகிறது. நிறம் தேர்ந்தாயிற்று; முன்பணம் கட்டியாயிற்று; கடன் பத்திரங்களில் கையொப்பமும் இட்டாயிற்று. அப்போது விற்பனையாளர் குரலைச் சற்றே தாழ்த்தி, "எக்ஸ்டெண்டட் வாரண்டி போட்டுடலாங்களா, சார்?" என்கிறார். உற்பத்தி நிறுவனம் தரும் உத்தரவாதம் ஒரு நாள் முடிந்துபோகும். அதற்குப் பின்னும் சில ஆண்டுகளுக்கு அதை நீட்டித்துக்கொள்ளலாம். அதற்கெனத் தனித்தொகை ஒன்று உண்டு. அதையும் கடனோடு சேர்த்துவிட்டால் மாதத் தவணையில் பெரிய வேறுபாடு தெரியாது. இவ்வளவுதான் செய்தி. பல இலட்சம் ரூபாய்க்கு இசைந்துவிட்ட மனம், பதினைந்தாயிரம் இருபதாயிரத்தைப் பற்றி அந்த நேரத்தில் வாதிட விரும்புவதில்லை.

அற்பக் காரியம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் சற்று நின்று நோக்கினால், மனிதர் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு, நாளையைக் குறித்த அச்சம் ஆகிய பழைய கேள்விகள் இந்தச் சிறிய தாளுக்குள் மடிந்து கிடப்பதைக் காண்போம். இதில் கணக்கும் உண்டு, அறமும் உண்டு. கணக்கை முதலில் பார்ப்போம். கணக்கைப் பாராமல் அறம் பேசுவது மிக எளிது. அதனாலேயே அது பெரும்பாலும் பயனற்றுப் போகிறது.

டேனியல் பெர்னூலி என்னும் கணித அறிஞரின் கட்டுரை ஒன்றைப் புனித பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகம் 1738-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அதில் ஒரு வணிகன் வருகிறான். ஆம்ஸ்டர்டாமில் சரக்கு வாங்கிப் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கப்பலில் அனுப்புகிறான். கரை சேர்ந்தால் சரக்கின் மதிப்பு 10,000 ரூபிள். அந்தப் பருவத்தில் அவ்வழியே வரும் 100 கப்பல்களில் 5 கடலோடு போய்விடும். ஆக, இழப்பின் சராசரிக் கணக்கு 500 ரூபிள். காப்பீடு செய்து தருவோரோ 800 ரூபிளுக்குக் குறைந்து ஏற்க மறுக்கிறார்கள். வணிகன் என்ன செய்வது?

பெர்னூலி கப்பலைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. இந்தச் சரக்கைத் தவிர அவன் கையில் வேறு எவ்வளவு இருக்கிறது என்று கேட்டார். 5,043 ரூபிளுக்குக் குறைவாக இருந்தால் காப்பீடு செய்வது தகும். அதற்கு மேல் இருந்தால் இடரைத் தானே சுமப்பதே தகும் என்றார். அதோடு நில்லாமல், 800 ரூபிளை வாங்கிக்கொண்டு அந்த இடரைத் தன் தலைமேல் ஏற்பவனிடம் குறைந்தது 14,243 ரூபிளாவது இருக்க வேண்டும் என்றும் கணக்கிட்டுக் காட்டினார். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே கட்டணம். விடை மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. செல்வனுக்கு உறைக்காத இழப்பு ஏழையின் அடுப்பை அணைத்துவிடும் என்பது நம் பாட்டிமார் அறிந்ததே. அதை இலக்கத்தில் எழுதியவர் அவர்.

இப்போது நம் காருக்கு வருவோம். நீட்டித்த உத்தரவாதத்துக்கு ரூ.20,000 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த நீட்டித்த காலத்தில் பத்துக் கார்களில் ஒன்றுக்கு ரூ.80,000 செலவு வைக்கும் பெரும்பழுது நேரும் என்றும் கொள்வோம். அப்படியானால் ஒரு காருக்கான சராசரிச் செலவு ரூ.8,000. மீதி ரூ.12,000 நிருவாகத்துக்கும் முகவர் கழிவுக்கும் இலாபத்துக்கும் போகிறது. இவை உதாரணத்துக்குச் சொன்ன எண்களே. கணக்கின் போக்கு மட்டும் இதுதான். விற்பவர் நட்டத்துக்கு விற்க மாட்டார். ஆகவே சராசரி மனிதன் சராசரியாக இதில் இழக்கவே செய்வான்.

அதனால் எவருமே வாங்கக் கூடாது என்று முடித்துவிடலாமா? கூடாது. எதிர்பாராத ரூ.80,000 வந்து நின்றால் வங்கியிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு, இரண்டு நாள் முகம் சுளித்துவிட்டு மறந்துவிடக்கூடிய வீடு ஒன்று. அதே தொகைக்காக நகையை அடகு வைத்து, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தைத் தள்ளிப்போட்டு, கந்துவட்டிக்காரரின் வாசலில் நிற்க வேண்டிய வீடு இன்னொன்று. இரண்டாம் வீட்டார் ரூ.20,000 கொடுத்து அந்த இரவுகளைத் தவிர்த்துக்கொள்வதை ஏமாளித்தனம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. (அத்தகைய வீடு இத்தனை விலையில் கார் வாங்கலாமா என்று கேட்பவர்கள், பேருந்து வராத ஊரில் நோயாளித் தாயை வைத்துக்கொண்டு வாழ்ந்து பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.)

நடப்பில் என்ன காண்கிறோம்? தாங்க வல்லவர்கள் கேட்டவுடன் கையொப்பம் இடுகிறார்கள்; தாங்க இயலாதவர்கள் அந்தத் தொகையும் இல்லாமல் விட்டுவிடுகிறார்கள். இது நம்மை உறுத்த வேண்டும். தாங்க வல்லவனை வாங்கச் செய்வது கணக்கு அன்று, அச்சம். அந்த அச்சமும் பெரும்பாலும் அந்த மேசையிலேயே பிறந்தது. அரைமணி நேரத்துக்கு முன்பு, இந்த எஞ்சின் ஆண்டுக்கணக்கில் சிக்கல் தராது என்றவர், இப்போது கியர்பெட்டி போனால் எவ்வளவு ஆகும் தெரியுமா என்று கேட்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். அவரைப் பழிப்பதும் நம் நோக்கமன்று. அவருக்கும் மாத இலக்கு இருக்கிறது, மேலாளர் இருக்கிறார். எனினும் நம்பிக்கையை விற்ற அதே நாவால் அச்சத்தையும் விற்க நேரும் ஒரு தொழில்முறையை, 'வியாபாரம் அப்படித்தான்' என்று சொல்லி நாம் எளிதாகக் கடந்துவிட முடியுமா?

இங்கே ஓர் ஐயம் எழலாம். நல்ல பொருளுக்கு உத்தரவாதம் தருவது நேர்மையின் அடையாளம் அல்லவா? ஆம். ஜார்ஜ் அகெர்லாஃப் என்னும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 1970-இல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாக வைத்து ஒரு கட்டுரை எழுதினார். பின்னர் 2001-இல் நோபெல் பரிசு பெற்றவர்களுள் ஒருவரானார். காரின் குறை விற்பவனுக்குத் தெரியும், வாங்குபவனுக்குத் தெரியாது. அதனால் நல்ல காருக்கும் நல்ல விலை கிடைக்காமல், நல்ல கார்கள் சந்தையை விட்டே விலகிவிடும் என்று அவர் காட்டினார். இந்நோய்க்குரிய மருந்துகளுள் ஒன்றாக அவர் குறிப்பிட்டது உத்தரவாதத்தைத்தான். குறை வெளிப்பட்டால் செலவு விற்றவனுடையது என்னும்போது, அவன் தன் பொருளுக்குத் தானே சாட்சி நிற்கிறான்.

விலையோடு சேர்ந்து வரும் உத்தரவாதத்துக்கு இது முழுக்கப் பொருந்தும். மின்சாரக் கார்களையே பாருங்கள். மக்கள் மின்கலத்தைப் பற்றி மிகவும் அஞ்சினார்கள். ஆகவே 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் என்ற உறுதியை நிறுவனங்கள் பரவலாகக் காரின் விலைக்குள்ளேயே வைத்துத் தருகின்றன. அது சாட்சி. தனிவிலைக்கு விற்கப்படும் உத்தரவாதம் அத்தகைய சாட்சி அன்று. கார் பழுதாகாது என்று அது சொல்வதில்லை; பழுதானால் ஆகும் செலவை முன்கூட்டியே உங்களிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறோம் என்று மட்டும் சொல்கிறது. முதலாவதில், வாக்குத் தவறினால் வாக்களித்தவன் தன் பணத்தை இழக்கிறான். இரண்டாவதில், அந்த இழப்புக்கும் வாக்கைப் பெற்றவனே முன்பணம் கட்டியிருக்கிறான். இரண்டையும் ஒரே சொல்லால் அழைக்கிறோம் என்பதுதான் இங்கே மயக்கம்.

நம் நாட்டுச் சட்டமும் இதில் வாய்மூடி இருக்கவில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், தொழிலாகப் பொருள் விற்பவர் கொடுக்கும் பண்டம் விற்பனைக்குரிய தரத்தில் இருக்க வேண்டும் என்பதை, சொல்லாமலே அடங்கியிருக்கும் நிபந்தனையாகச் சில வரம்புகளோடு ஏற்கிறது. 1986-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 2019-இன் சட்டமும் குறையுள்ள பொருளுக்காக முறையிட வழி திறந்து வைத்துள்ளன. பிறவிக் குறையோடு வந்த காருக்குப் பரிகாரம் கேட்க நீட்டித்த உத்தரவாதம் கட்டாயம் கையில் இருந்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் ஆணையத்தின் படியேறி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது எல்லாராலும் ஆவதில்லை என்பதையும் மறுக்க முடியாது.

அந்தத் தாளின் உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எஞ்சின், கியர்பெட்டி, ஸ்டியரிங், மின்னணுக் கருவிகள் போன்றவற்றின் உள்குறைகளை அது பொதுவாக ஏற்கும். தேய்ந்து தீரும் உறுப்புகளான டயர், பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் போன்றவற்றை ஏற்காது. எலி கடித்த ஒயரை ஏற்காது. விபத்தையும் வெள்ளத்தையும் ஏற்காது. அவை காப்பீட்டின் எல்லைக்குள் வருபவை, அதிலும் நுணுக்கம் உண்டு. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிய கார்களை நீர் வடிந்ததும் ஆவலோடு ஸ்டார்ட் செய்தவர்கள், நீர் புகுந்து எஞ்சினே முறிந்ததைக் கண்டார்கள். எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவை எடுக்காதவர்கள் பலருக்குக் காப்பீடும் அந்த முறிவுக்குக் கைகொடுக்கவில்லை. 'எல்லாவற்றுக்கும் கவர் ஆகும்' என்ற வாய்ச்சொல்லுக்கும் தாளில் உள்ள எழுத்துக்கும் இடையே உள்ள தொலைவில்தான் குடும்பங்கள் விழுகின்றன.

இன்னொரு நிபந்தனை உண்டு. குறித்த காலத்தில், குறித்த கிலோமீட்டரில், நிறுவனம் ஏற்ற சர்வீஸ் மையத்திலேயே காரைப் பராமரிக்க வேண்டும்; வெளியே கைவைத்தால் உத்தரவாதம் நீங்கிவிடக்கூடும். தெருமுனையில் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக்கை அந்த ஆண்டுகள் முழுவதும் நாம் நாடுவதில்லை. 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசிடர் ஓடிய காலத்தில் எந்த ஊரிலும் ஒருவர் ஸ்பேனரோடு வந்து காரைக் கிளப்பிவிடுவார். "போயிட்டு வாங்க சார், ஒண்ணும் ஆகாது, ஆனா நான் பாத்துக்கறேன்" என்பதே அவருடைய உத்தரவாதப் பத்திரம். அக்காலத்தைப் பொற்காலமாக்கிப் புகழ நாம் விரும்பவில்லை. அந்த வண்டிகள் அடிக்கடி நின்றன. இன்றைய கார்கள் அரிதாகவே நிற்கின்றன. நின்றால் செலவு பெரிது, கணினி இல்லாமல் நோய் அறியவும் முடியாது. பழுது அரிதாகவும் பாரமாகவும் ஆனபோது உத்தரவாதச் சந்தை வளர்ந்தது இயல்பே. அந்த மனிதரின் வாக்கு மட்டும் அதனால் பொருளற்றுப் போயிற்று.

பலர் சிறிது சிறிதாகப் போட்டு, இடருற்ற ஒருவரைத் தாங்குவது உயர்ந்த செயல்தானே, நீட்டித்த உத்தரவாதமும் அதுதானே என்று சிலர் கேட்பர். பாதி உண்மை. பழுதாகாத ஒன்பது கார்களின் பணம் பத்தாவது காரைச் சீராக்குகிறது என்பது மெய். நம் ஊர்களின் மொய்ப் பழக்கத்திலும் அந்த வேர் உண்டு. இன்று நான் வைப்பது நாளை என் வீட்டுத் தேவைக்கு வரும். ஆனால் மொய் நோட்டில் பெயர்கள் இருக்கின்றன. வைத்தவனுக்கும் பெற்றவனுக்கும் முகம் தெரியும். இடையில் மிச்சத்தை எடுத்துக்கொள்ளும் மூன்றாமவர் இல்லை. உத்தரவாதத்தில் என் பணம் யாருடைய காரைச் சீராக்கிற்று என்று நான் அறிவதில்லை, மிஞ்சியது எங்கே போயிற்று என்றும் அறிவதில்லை. இது குற்றம் என்று சொல்லவில்லை. இதைச் சேவை என்று அழைக்காமல் வாணிகம் என்றே அழைப்போம் என்கிறோம்.

கார் ஓட்டிப் பிழைப்பவரின் நிலை தனி. வாடகைக்கு ஓடும் வண்டிக்கு விதிகளும் கட்டணமும் வேறாக இருப்பதுண்டு. அதைக் கேட்டறியாமல் அவர் பணம் கட்டலாகாது. பழுது பார்க்கும் நாள்களில் இழந்த வருமானத்தை அந்தத் தாள் பொதுவாகத் திருப்பித் தருவதில்லை. ஆயினும் பெர்னூலியின் வணிகனுக்கு மிக அருகில் நிற்பவர் அவர்தான். அவருக்கு உத்தரவாதம் தகும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

தாங்க வல்லவர்களுக்கு நாம் சொல்வது வேறு. முதல் உத்தரவாதக் காலம் முடிவதற்குள் பின்னரும் நீட்டித்துக்கொள்ளப் பல நிறுவனங்கள் இடந்தருகின்றன. கட்டணம் சற்றுக் கூடலாம். ஆகவே அந்த மேசையிலேயே முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. தாளை வாங்கி வீட்டுக்கு எடுத்துச் சென்று, மனைவியோடும் வளர்ந்த பிள்ளைகளோடும் அமர்ந்து படிக்கலாம். வேண்டாம் என்று முடிவானால், அதே ரூ.20,000-ஐ அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் தனியே போட்டு வைக்கலாம். கார் பழுதானால் அதற்கு ஆகும். போதாவிட்டால் கைப்பணம் சேரும். பழுதாகாமல் அந்த ஆண்டுகள் கழிந்தால் பணம் அங்கேயே இருக்கும். என்றேனும் ஒரு மாலையில், தெருமுனைப் பட்டறைக்காரர் மகளின் அறுவைச் சிகிச்சைக்குக் கைமாற்றுக் கேட்டு வாசலில் வந்து நின்றால், அவரைத் திண்ணையில் அமரச் சொல்லிவிட்டு, உள்ளே சென்று அந்தக் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுக்கலாம்.